ஹைனான்: வந்தவர்கள், போனவர்கள், இருந்தவர்கள் (கேள்வி பதில்)

சீனாவின் தென்கோடித் தீவு மாகாணமான ஹைனானில், தலைநகர் ஹாய்கோவில், சில ஆண்டுகள் ஆங்கில ஆசிரியையாக இருந்தேன். அந்தத் தீவைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். "சான்யாவில் எந்த ரிசார்ட் நல்லது?" என்று கேட்டவர்கள் மன்னிக்கவும், அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

அக்கா, ஹைனான் எவ்வளவு பெரிசு? 'சீனாவின் ஹவாய்' என்கிறார்களே, உண்மையா? (கல்லூரி மாணவர், திருச்சி)

பரப்பு ஏறத்தாழ 34,000 சதுர கிலோமீட்டர். கேரளத்தைவிடக் கொஞ்சம் சின்னது, இலங்கையில் பாதி. மக்கள் தொகை 2020 கணக்கெடுப்பில் ஒரு கோடியைத் தாண்டியது. மும்பையும் புரியும் இருக்கும் அதே அட்சரேகை. சீனப் பெருநிலத்தின் லெய்சோ தீபகற்பத்துக்கும் தீவுக்கும் நடுவே ஒரு குறுகிய நீரிணை, மிகக் குறுகிய இடத்தில் 20 கிலோமீட்டர் அளவுதான். இன்றுவரை பாலம் கிடையாது. ரயில் வந்தால் பெட்டிகளைப் பிரித்துக் கப்பலுக்குள் தள்ளி, அக்கரையில் மறுபடி கோத்து அனுப்புகிறார்கள்.

ஹவாய் என்பது விளம்பரக்காரர்கள் வைத்த பெயர். தெற்கே சான்யா கடற்கரைக்கு மட்டும் பொருந்தும். வடக்கே ஹாய்கோவில் ஜனவரியில் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போக முடியாத நாட்கள் உண்டு. 1988 வரை இது தனி மாகாணமே இல்லை, குவாங்டாங் மாகாணத்தின் ஒரு மூலை. அந்த ஆண்டு ஏப்ரலில் பிரித்து, தீவு முழுவதையும் சிறப்புப் பொருளாதார மண்டலமாக அறிவித்தார்கள். வேலை தேடி லட்சக்கணக்கில் இளைஞர்கள் கடல் தாண்டி வந்தார்கள். நிலத்தின் விலை எங்கோ போய், 1993 வாக்கில் ஒரேயடியாகச் சரிந்தது. பாதியில் நின்றுபோன கட்டடங்கள் பல ஆண்டுகள் ஊர் நடுவே எலும்புக்கூடாக நின்றன.

அங்கே இருப்பவர்கள் எல்லாரும் சீனர்கள்தானே? (இல்லத்தரசி, சேலம்)

இந்தக் கேள்விக்காகத்தான் நான் உட்கார்ந்தேன். குடிமக்கள் என்ற பொருளில் ஆமாம். ஆனால் தீவுக்கு யார் எப்போது வந்தார்கள் என்று பார்த்தால் வரிசை பெரியது.

முதலில் லி மக்கள். சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன் வந்தவர்கள் என்பது பொதுக் கருத்து. இன்று பத்து லட்சத்துக்கு மேல் இருக்கிறார்கள். இவர்கள் மொழி தாய்லாந்து மொழிக்குத் தூரத்துச் சொந்தம். கி.மு. 110இல் ஹான் பேரரசு வடகரையில் கால் ஊன்றியது. அதன்பின் வந்து குடியேறிய ஹான் சீனர்கள் கடலோரச் சமவெளியைப் பிடிக்கப் பிடிக்க, லி மக்கள் நடு மலைக்கு ஏறினார்கள். தீவின் நடுவில் ஊஷிஷான் என்ற ஐந்து சிகர மலை, 1,840 மீட்டர். அதைச் சுற்றித்தான் இன்றும் அவர்கள் ஊர்கள். கவிழ்த்த படகு போல ஓலைக்கூரை வேய்ந்த வீடுகள் ஒரு சில கிராமங்களில் மிச்சமிருக்கின்றன. முகத்திலும் கையிலும் பச்சை குத்திய மூதாட்டிகள் இப்போது விரல் விட்டு எண்ணும் அளவுதான். பச்சைக் கோலம் பார்த்து எந்தக் கிளை, எந்த ஊர் என்று சொல்லிவிடுவார்கள் என்பார்கள்.

அவர்கள் நெசவைப் பார்த்தே ஆக வேண்டும். தரையில் உட்கார்ந்து, காலை நீட்டி, பாவின் ஒரு முனையை இடுப்பில் கட்டி, மறுமுனையைப் பாதத்தால் தள்ளிப் பிடித்து நெய்வார்கள். தறி என்று தனியாக ஒன்றும் இல்லை, உடம்பே தறி. யுனெஸ்கோ 2009இல் இதை அவசரமாகக் காக்க வேண்டிய கலைகள் பட்டியலில் சேர்த்தது. 13ஆம் நூற்றாண்டில் ஹுவாங் தாவ்போ என்ற பெண் ஷாங்காய்ப் பக்கத்திலிருந்து வந்து, தீவின் தெற்கில் பல காலம் வாழ்ந்து, பருத்தி நெசவைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பிப் பரப்பினார் என்று சீனாவில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். கற்றுக் கொடுத்த லி பெண்களில் ஒருவர் பெயரும் யாருக்கும் தெரியாது. எனக்கு இதில் எப்போதும் வருத்தம்.

அடுத்து உத்சுல்கள். சான்யா அருகே இரண்டு கிராமங்களில் சுமார் பத்தாயிரம் பேர், இஸ்லாமியர்கள். இன்றைய வியட்நாமின் நடுவே இருந்த சம்பா அரசு சிதைந்தபோது கடல் வழியாக வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அரசுக் கணக்கில் 'ஹுயி' என்று வடமேற்குச் சீன முஸ்லிம்களோடு சேர்த்து எழுதிவிட்டார்கள். மொழியோ மலாய்க்கு உறவு. சுற்றிலும் சீனமும் லியும் பேசக் கேட்டுக் கேட்டு, அந்த மொழியிலும் சீனம் போலச் சுரம் (குரல் ஏற்ற இறக்கத்தால் சொல்லின் பொருளே மாறுவது) ஏறிவிட்டது. மொழியியல்காரர்களுக்கு அது ஒரு புதையல். 2020இல் அங்கே பள்ளிகளில் முக்காட்டுக்குத் தடை வந்து, மாணவிகள் எதிர்த்து நின்றதும் நடந்தது.

மிங் பேரரசர்கள் காலத்தில் படைவீரர்களாகக் கொண்டுவரப்பட்ட மியாவ் மக்கள், லின்காவ் பக்கத்தில் தனி மொழி பேசியும் ஹான் என்றே எண்ணப்படும் லட்சக்கணக்கானோர் என்று இன்னும் உண்டு. கடைசியாக வந்தவர்கள் வடகிழக்குச் சீனத்து முதியவர்கள். ஹெய்லோங்ஜியாங்கில் மைனஸ் 30 டிகிரி வந்தால் இங்கே பறந்து வருவார்கள், மார்ச்சில் திரும்புவார்கள். 'வலசைப் பறவைகள்' என்றே அவர்களுக்குப் பெயர். குளிர்காலச் சான்யாவில் உள்ளூர்ப் பேச்சைவிட வடகிழக்குப் பேச்சுதான் அதிகம் காதில் விழும். வீட்டு விலை ஏறியதற்கு உள்ளூர்க்காரர்கள் கைகாட்டுவதும் அவர்களைத்தான். 2018இல் வெளியூர்க்காரர்கள் வீடு வாங்குவதற்குத் தீவு முழுக்கக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள்.

எங்கள் ஊரில் 'ஹைனான் சிக்கன் ரைஸ்' இல்லாத தெருவே இல்லை. அங்கே ஒரிஜினல் எப்படி இருக்கும்? (கிள்ளான், மலேசியா)

அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் முழிப்பார்கள். அங்கே அது வென்சாங் கோழி. தோல் மஞ்சளாக, சதை இறுக்கமாக இருக்கும். வெறுமனே வேகவைத்து, எலும்போடு வெட்டி, இஞ்சி, பூண்டு, கிச்சிலி மாதிரிச் சின்னப் பச்சைப் பழத்தின் சாறு கலந்த துவையலோடு தருவார்கள். கோழிக் கொழுப்பில் வடித்த சோறும் உண்டு. உங்கள் ஊர் மிளகாய்ச் சாந்தும் கெட்டிச் சோயாவும் கடல் தாண்டிய பிறகு சேர்ந்தவை. என் நாக்குக்கு உங்கள் ஊர்ச் சுவைதான் மேல். வென்சாங்காரர் யாரும் இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

ஹைனான்காரர்கள் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து சேர்ந்தது மற்றச் சீனர்களுக்குப் பிறகு. வியாபாரத்தை ஹொக்கியன், தியோச்சியூ என்ற மற்றச் சீனப் பிரிவினர் ஏற்கனவே பிடித்துவிட்டார்கள். மிஞ்சியது கப்பலிலும் வெள்ளைக்காரர் வீட்டிலும் ஹோட்டலிலும் சமையல், பரிமாறல். அங்கே கற்ற காப்பியையும் ரொட்டியையும் வைத்துத்தான் பிறகு சொந்தமாகக் காப்பிக்கடை போட்டார்கள். ராஃபிள்ஸ் ஹோட்டலில் 'சிங்கப்பூர் ஸ்லிங்' கலந்த நியாம் தோங் பூனும் ஹைனான்காரரே.

ஊருக்கு அனுப்பிய பணத்தில் எழுந்ததுதான் ஹாய்கோவின் பழைய கடைத்தெரு. முன்னால் தூண் வரிசை, நடுவில் நிழல் நடைபாதை, மேலே வீடு. பினாங்கிலிருந்து போகிறவருக்கு வழி கேட்கவே தோன்றாது.

என் அப்பா சிலாங்கூர் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். ஹைனானிலும் ரப்பர் உண்டாமே? (ஓய்வுபெற்ற ஊழியர், கோவை)

உண்டு ஐயா, உங்கள் அப்பா வெட்டிய மரத்துக்குச் சொந்தக்கார மரம்தான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்து நட்டார்கள். பெரிய அளவில் பரவியது 1950களில். கொரியப் போரை ஒட்டி மேற்கு நாடுகள் சீனாவுக்கு ரப்பர் விற்க மறுத்தன. உடனே படைவீரர்களை இறக்கி, அரசுப் பண்ணைகள் அமைத்து, மலையடிவாரக் காட்டை அழித்து நட்டார்கள். நம்மூர் மாதிரியே விடியலுக்கு முன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போவார்கள்.

வான்னிங் அருகே சிங்லோங் என்ற ஊர் உங்களுக்குப் பிடிக்கும். மலாயா அவசரகாலத்தில், அதாவது கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்கிய காலத்தில், பிரிட்டிஷார் நாடு கடத்திய சீனர்களைக் குடியமர்த்த 1951இல் தொடங்கிய பண்ணை அது. பிறகு இந்தோனேசியாவிலிருந்து துரத்தப்பட்டவர்களும் சேர்ந்தார்கள். இன்றும் அங்கே காப்பி பயிராகிறது, தேங்காய்ப்பால் பலகாரம் கிடைக்கிறது, வயசானவர்கள் மலாய் பேசுகிறார்கள்.

வெற்றிலை பாக்கு போடுவார்களா? (தஞ்சாவூர்)

போடுவார்களாவா! சீனாவின் பாக்கில் 95 சதவீதத்துக்கு மேல் ஹைனானில்தான் விளைகிறது. நாம் கொட்டைப்பாக்கைச் சீவுகிறோம். அவர்கள் பச்சைக் காயையே நாலாகப் பிளந்து, சிப்பிச் சுண்ணாம்பு தடவிய வெற்றிலையோடு மெல்லுவார்கள். நடைபாதையில் சிவப்புக் கறையைப் பார்த்ததும் எனக்குக் கும்பகோணம் பஸ் ஸ்டாண்டு ஞாபகம் வந்தது. லி மக்களிடம் பெண் கேட்டுப் போகும்போது பாக்கு வைப்பது சம்பிரதாயம். பெண் வீட்டார் பாக்கை எடுத்துக்கொண்டால் சம்மதம் என்று பொருள். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விளைச்சலில் பெரும்பகுதி ஹுனான் மாகாணத்துக்குப் போய், பதப்படுத்திய பொட்டலமாக விற்கிறது. அங்கே வாய்ப் புற்றுநோய் பெரிய பிரச்சினையானதால் 2021இல் டிவி, ரேடியோ, இணைய வீடியோ விளம்பரங்களைத் தடை செய்தார்கள்.

அந்தமான் மாதிரி அதுவும் தண்டனைத் தீவாக இருந்ததாமே? (தமிழாசிரியர், மதுரை)

சிறை கிடையாது, நாடு கடத்தல்தான். அரசவையில் வாயைத் திறந்தவரை இங்கே அனுப்புவார்கள். காய்ச்சலும் ஈரமும் மீதியைப் பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம். அப்படி வந்தவர்களில் பெரிய பெயர் கவிஞர் சூ தோங்போ. 1097இல் அறுபது வயதைக் கடந்து தான்சோவுக்கு வந்தார். அரசுக் கட்டடத்தில் தங்கக் கூடாது என்று வெளியேற்றப்பட்டு, உள்ளூர்க்காரர்கள் உதவியோடு குடிசை கட்டிக்கொண்டார். பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார், லி நண்பர்களோடு குடித்தார். 1100இல் மன்னிப்புக் கிடைத்துப் புறப்பட்டவர் அடுத்த ஆண்டே வழியில் இறந்துபோனார். தான்சோவில் அவர் பெயரில் கல்விச்சாலை இன்னும் நிற்கிறது. துரத்தியவர்கள் பெயரை அந்த ஊரில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

சைவம் கிடைக்குமா? (பலர்)

கஷ்டம். தேங்காய்ப்பாலில் பயறும் சவ்வரிசியும் ஐசும் போட்ட சிங்பூலியாங் என்ற இனிப்பு அருமை. பழங்களுக்குக் குறைவில்லை. சாப்பாட்டுக்குக் கோயில்களை ஒட்டிய சைவக் கடைகளைத் தேடுங்கள். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் மீன் வரும்.

காடு எல்லாம் போய்விட்டதா? (சூழலியல் மாணவி, கூடலூர்)

தாழ்நிலக் காடு பெரும்பாலும் போய்விட்டது. மேட்டுக் காட்டைச் சேர்த்து 2021இல் தேசியப் பூங்கா ஆக்கியிருக்கிறார்கள். அதன் மேற்கே பாவாங்லிங்கில்தான் ஹைனான் கிப்பன் இருக்கிறது. உலகில் வேறெங்கும் இல்லாத வாலில்லாக் குரங்கு. ஆண் கருப்பு, பெண் பொன்னிறம், விடியலில் சேர்ந்து பாடும். 1950களில் ஏறத்தாழ 2,000 இருந்தன. ரப்பரும் வேட்டையும் சேர்ந்து, 2003 கணக்கெடுப்பில் 13ஆகக் குறைந்தன. இப்போது நாற்பதை ஒட்டி. 2014 புயலில் மண் சரிந்து அவற்றின் பாதை அறுந்தது. ஆய்வாளர்கள் மலையேறும் கயிற்றை மரத்துக்கு மரம் கட்டிவிட்டார்கள். அதை நம்பிக் கால் வைக்க அவற்றுக்கு ஆறு மாதம் பிடித்தது.

தென்சீனக் கடல் முழுவதும் இந்த மாகாணம்தான் என்கிறார்களே? (சிங்கப்பூர்)

சீனா ஏறத்தாழ அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறது. பாரசெல், ஸ்ப்ராட்லி தீவுகளுக்கு 2012இல் சான்ஷா என்று ஒரு நகராட்சியே அமைத்து ஹைனானின் கீழ் வைத்தார்கள். வியட்நாம், பிலிப்பைன்ஸ், மலேசியா முதலிய நாடுகள் ஏற்கவில்லை. 2016இல் சர்வதேச நடுவர் மன்றம், அந்தக் கடலைச் சுற்றிச் சீனா வரைபடத்தில் போட்ட எல்லைக் கோட்டுக்குச் சட்ட அடிப்படை இல்லை என்றது. சீனா அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. ஆனால் ஹைனானின் மீனவர்கள் பல தலைமுறைகளாக அந்தத் திட்டுகளுக்குப் போய் வந்தார்கள் என்பதும் நிஜம், மற்ற நாட்டு மீனவர்களும் போய் வந்தார்கள் என்பதும் நிஜம்.

எப்போது போகலாம்? (நிறைய பேர்)

நவம்பர் முதல் மார்ச் வரை. சீனப் புத்தாண்டு வாரத்தை விட்டுவிடுங்கள், அறை வாடகை பல மடங்காகும். ஜூலை முதல் அக்டோபர் வரை புயல் காலம். 2024 செப்டம்பரில் யாகி புயல் வென்சாங்கில் கரை ஏறியபோது ஹாய்கோவில் மரம் நின்ற தெருவைத் தேட வேண்டியிருந்தது. அந்த வென்சாங்கில்தான் 2016 முதல் ராக்கெட் ஏவுகிறார்கள், ஏவும் தேதி பொருந்தினால் கடற்கரையிலிருந்தே பார்க்கலாம். அதிவேக ரயில் தீவையே வட்டமடிக்கிறது, 653 கிலோமீட்டர். ஆனால் அது கரையோரம் மட்டும்தான். லி ஊர்களுக்கு ஊஷிஷான் பஸ் பிடிக்க வேண்டும். சீன நாட்காட்டியின் மூன்றாம் மாதம் மூன்றாம் நாள் அவர்களுடைய பெரிய திருவிழா. நம் கணக்குக்குப் பெரும்பாலும் ஏப்ரலில் வரும். அந்த நாளுக்குப் போவதாக இருந்தால் அறையை முன்கூட்டியே பிடித்துவிடுங்கள், மலையூரில் விடுதிகள் குறைவு.