1969-இல் வந்த ‘பேட்டில் ஆஃப் பிரிட்டன்’ படத்தில் நட்சத்திரங்கள்தான் அதிகம், கதை இல்லை என்கிறார்களே, பார்க்கலாமா?

யாரோ சொல்லக் கேட்டு, பார்ப்பதா வேண்டாமா என்ற குழப்பத்தில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 1940-இல் பிரிட்டிஷ் விமானப் படையும் ஜெர்மன் விமானப் படையும் வானில் மோதிய போரைப் பற்றிய படம் இது. தாராளமாகப் பாருங்கள். ஆனால் அவர் சொன்னது பொய்யும் இல்லை.

நான் இந்திய விமானப் படையில் இருபது வருடம் என்ஜின் பிட்டராக வேலை பார்த்தவன். எனக்குத் தெரிந்தது விமானம், அந்தக் கண்ணோடுதான் எழுதுகிறேன். சினிமா இலக்கணம் தெரிந்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

லாரன்ஸ் ஒலிவியே, மைக்கேல் கெய்ன், ராபர்ட் ஷா, கிறிஸ்டோபர் பிளம்மர் என்று இத்தனை பேருக்கும் இரண்டு மணி நேரச் சொச்சத்தைப் பங்கு போட்டால் யார் மனதில் நிற்பார்கள்? மேலே போனதும் எல்லோர் முகத்திலும் ஆக்சிஜன் மாஸ்க். என்னோடு உட்கார்ந்து பார்த்த என் மகன், “இப்ப விழுந்தது யாருப்பா?” என்று மூன்று முறை கேட்டான். பிளம்மருக்கும் சுசன்னா யார்க்குக்கும் நடக்கும் கணவன் மனைவிச் சண்டை படத்தோடு ஒட்டவே இல்லை.

அப்புறம் ஒரு இடத்தில் படத்தை நிறுத்தச் சொல்லி, டிவி பக்கத்தில் போய் நின்று அவனுக்குக் காட்டினேன். ஜெர்மன் போர் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் என்று வருபவை உண்மையில் ஸ்பெயின் விமானப் படையின் புச்சோன் ரக விமானங்கள். ஜெர்மன் என்ஜின் தலைகீழாக இருக்கும், அதனால் புகைக்குழாய் வரிசை மூக்கின் கீழ்ப்பக்கம் வரும். இதில் மேலே இருக்கிறது. காரணம், உள்ளே இருப்பது ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின், எதிரே வரும் பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரில் இருக்கும் அதே என்ஜின் குடும்பம்! இதைக் குறை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் நிஜ விமானங்களைக் கூட்டமாகப் பறக்கவிட்டு எடுத்திருக்கிறார்கள். விமானம் திரும்பும்போது அதன் கனம் தெரிகிறது. இன்றைய படங்களில் அந்தக் கனத்தைக் காணவில்லை.

எனக்கு நிஜமாக வலித்தது வேறு. 1940-இல் அதிகமான எதிரி விமானங்களை வீழ்த்தியது ஹரிக்கேன் என்ற இன்னொரு பிரிட்டிஷ் போர் விமானம், ஆனால் மக்கள் மனதில் நின்றது ஸ்பிட்ஃபயர். தரையில் நின்று உழைத்தவர்கள் கதையும் அப்படித்தான். பெரிய நடிகர்கள் எல்லோரும் காக்பிட்டில், இல்லையென்றால் மேசைக்குப் பின்னால். படம் முடிந்ததும் எந்தெந்த நாட்டு விமானிகள் எத்தனை பேர் என்று பட்டியல் போடுகிறார்கள். குண்டு விழுந்துகொண்டிருந்த தளத்தில் நின்று பெட்ரோல் நிரப்பியவனுக்கு அதில் ஒரு வரி கிடையாது.

நம் ஊரில் மட்டும் என்ன? ஒரு பள்ளியில் குடியரசு தினத்துக்குப் பேசக் கூப்பிட்டார்கள். “சார் எந்த பிளேன் ஓட்டினீங்க?” என்றார்கள். ஓட்டவில்லை, என்ஜின் பார்த்தேன் என்றதும் எனக்குத் தந்திருந்த அரை மணி நேரம் ஐந்து நிமிடமாகச் சுருங்கிவிட்டது. நான் கையெழுத்துப் போடாமல் அந்த விமானம் தரையை விட்டுக் கிளம்பியிருக்காது என்பதை அந்தப் பிள்ளைகளிடம் சொல்லவே நேரம் தரவில்லை. இன்றைக்கும் ஆறவில்லை.

சரி, படத்துக்கு வருகிறேன். கடைசிப் பெரும் சண்டையில் என்ஜின் சத்தம், துப்பாக்கிச் சத்தம் எல்லாவற்றையும் அடக்கிவிட்டு வெறும் இசையை ஓடவிடுகிறார்கள். இசையமைப்பாளர் வில்லியம் வால்டன் இந்தப் படத்துக்கு எழுதிய இசையில் பெரும்பகுதியைத் தள்ளிவிட்டு ரான் குட்வின் இசையைப் போட்டார்கள், வால்டனுடையதில் தப்பியது முக்கியமாக இந்த ஒரு துண்டுதான். செல்போனில் பார்க்காதீர்கள். பெரிய டிவியில், சத்தத்தைக் கூட்டி வைத்து, அந்த சில நிமிடங்களையாவது பாருங்கள்.