வாசகர் கேள்வி – பதில்: உடல்வழிச் சிகிச்சை

கேள்வி: சிறு வயதில் பட்ட துன்பங்களைப் பற்றி உளநல ஆலோசகரிடம் நெடுநாளாகப் பேசிவருகிறேன். நடந்தது ஏன் என்பது இப்போது புரிகிறது. ஆனாலும் யாரேனும் குரலை உயர்த்தினால் தோள்கள் இறுகி, மூச்சு அடைத்துக்கொள்கிறது. என் உடல் எனக்கே அந்நியமாகத் தோன்றுகிறது. உடல்வழிச் சிகிச்சை உதவுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உதவக்கூடும். உடலில் எழும் உணர்வுகளைக் கவனித்து, அவற்றின் வழியே மனக்காயத்தை ஆற்ற முயலும் முறையே உடல்வழிச் சிகிச்சை. எல்லாம் புரிந்த பிறகும் உடல் அஞ்சுவதை உங்கள் குறையாக எண்ணாதீர்கள். நாம் யோசித்து முடிப்பதற்குள்ளாகவே மூளை ஆபத்தை உணர்ந்து உடலை முடுக்கிவிடுகிறது. இதயம், நுரையீரல், குடல் ஆகியவற்றோடு மூளையை இணைக்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் ஏறக்குறைய 80 விழுக்காடு, உறுப்புகளின் நிலையை மூளைக்குத் தெரிவிப்பவை. படபடப்பும் மூச்சடைப்பும் அந்த வழியே மேலே சென்றுகொண்டிருக்கையில், 'பயப்பட ஒன்றுமில்லை' என்று மனத்துக்குச் சொல்லும் சமாதானம் எளிதில் எடுபடுவதில்லை.

இச்சிகிச்சையில் நிகழ்வை முழுதாக விவரிக்கும்படி உங்களை வற்புறுத்த மாட்டார்கள். 'இதைச் சொல்லும்போது உடலில் எங்கே, என்ன தெரிகிறது?' என்று சிகிச்சையாளர் கேட்பார். தொண்டை அடைக்கிறது என்றால், அந்த உணர்வோடு சிறிது நேரம் இருக்கவிட்டு, பின்னர் நாற்காலியில் சாய்ந்திருக்கும் முதுகுக்கோ கதகதப்பாக இருக்கும் உள்ளங்கைக்கோ கவனத்தைத் திருப்பச் சொல்வார். வேதனைக்கும் ஆறுதலுக்கும் இடையே இப்படிச் சிறுகச் சிறுகப் போய்வருவது, அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லெவின் 1970களில் உருவாக்கத் தொடங்கிய 'சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங்' (Somatic Experiencing) என்ற உடல்வழி முறையின் உயிர்நாடி. தாங்கக்கூடிய அளவில் உணர்ந்து, அதிலிருந்து மீண்டும் வரப் பழகும்போதுதான் உடல்மீது இழந்த நம்பிக்கை துளிர்க்கிறது என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே, ஒரே அமர்வில் கதறி அழவைத்து எல்லாவற்றையும் வெளியேற்றிவிடுவதாக வாக்களிப்பவரிடம் தயவுசெய்து போகாதீர்கள்.

பேரதிர்ச்சிக்குப் பிந்தைய உளைச்சலுக்கு, அதிர்ச்சியை மையப்படுத்திய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுவழிச் சிகிச்சை) இருக்கும் அளவுக்கான ஆய்வுச் சான்று உடல்வழி முறைகளுக்கு இன்னும் சேரவில்லை. இப்போதைய ஆலோசகரை விட்டுவிடாமல், அவரிடம் சொல்லிவிட்டே இதைத் தொடங்குங்கள். மூச்சடைப்புக்கு உடல்நோய் காரணமா என்பதையும் மருத்துவரிடம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தொடுதல் பல முறைகளில் தேவையே இல்லை. தேவைப்படும் இடத்திலும் உங்கள் ஒப்புதலைக் கேட்ட பின்பே தொட வேண்டும், 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு விளக்கம் கேட்கக் கூடாது.

கேள்வி: வீட்டில் தனியாகப் பயிற்சி செய்யலாமா?
– மற்றொரு வாசகர்

பதில்: எளியவற்றைச் செய்யலாம். கண்ணை மூடி உடல் முழுவதையும் கவனிப்பது, அதிர்ச்சிக்கு ஆளான சிலருக்கு அச்சத்தை அதிகரிக்கும். அவர்கள் கண்ணைத் திறந்துவைத்து, பாதங்கள் தரையில் அழுந்துவதை உணர்ந்து, இழுக்கும் மூச்சைவிட விடும் மூச்சைச் சற்று நீட்டினால் போதும்; மூச்சு வெளியேறும்போது இதயத்துடிப்பு இயல்பாகவே தணியும். மூச்சைக் கவனிப்பதே கலக்கம் தந்தால் அதை விட்டு, கைகளை ஒன்றோடொன்று அழுத்திப் பாருங்கள். பழைய காட்சிகள் திடீரென மேலெழுந்து வந்தால் பயிற்சியை அத்துடன் நிறுத்தி, அடுத்த முறை சிகிச்சையாளரின் முன்னிலையில் செய்யுங்கள்.