75 வாரக் கோழி: முட்டை ஓடு ஏன் உடைகிறது?

கேள்வி: நாமக்கல் பக்கம் கூண்டு முறையில் 6,000 முட்டைக்கோழி வைத்திருக்கிறேன். 75 வாரம் ஆகிறது. முட்டை எண்ணிக்கை பரவாயில்லை. ஆனால் உடைசல் கூடிக்கொண்டே போகிறது. வெள்ளைக்கரு தண்ணீராக ஓடுகிறது என்று வியாபாரியும் குறை சொல்கிறார். கால்சியம் டானிக் தண்ணீரில் கலந்து கொடுத்தும் பலனில்லை. தீவனத்தில் வேறு என்ன சேர்க்கலாம்?

பதில்: டானிக் இருக்கட்டும். தீவனத்தில் கலக்கும் சுண்ணாம்புக்கல்லைக் கொஞ்சம் உள்ளங்கையில் எடுத்துப் பாருங்கள். முழுக்க மாவாக இருந்தால் அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

வயது ஏற ஏற முட்டை பெரிதாகிறது. ஓட்டுக்குக் கோழி கொடுக்கும் சுண்ணாம்பு மட்டும் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. ஒரு கரண்டி மாவை அகலமாக இழுத்தால் தோசை மெலிதாகத்தானே வரும்? ஒரு ஓட்டில் ஏறக்குறைய 2.2 கிராம் கால்சியம் இருக்கிறது. அதில் பெரும்பகுதி படிவது இரவில், விளக்கணைந்து கோழி தீவனம் எடுக்காத நேரத்தில். மாவுச் சுண்ணாம்பு அதற்குள் குடலைத் தாண்டிவிடும். கோழி தன் எலும்பைக் கரைத்து ஓடு கட்டும். 2 முதல் 4 மி.மீ. அளவுள்ள கல் குருணையோ கிளிஞ்சலோ என்றால் அரைவைப்பையில் தங்கி இரவு முழுக்க மெல்லக் கரையும். அதனால் மொத்தச் சுண்ணாம்பில் மூன்றில் இரண்டு பங்கு குருணையாக இருக்கட்டும்.

கோழிக்கு ஒரு நாளைக்கு 4.2 முதல் 4.5 கிராம் கால்சியம் போய்ச் சேர வேண்டும். 110 கிராம் தின்றால் தீவனத்தில் 4 சதவீதம் போதும். சித்திரை வெயிலில் 95 கிராமுக்கு இறங்கினால் அந்தக் கணக்கு உதைக்கும். தீவனத்தில் பாதிக்கு மேல் பிற்பகலில் போடுங்கள். விளக்கணைக்கும் முன் தொட்டியில் கையை விட்டால் குருணை கொஞ்சமாவது தட்டுப்பட வேண்டும்.

ஓடு தடிக்கும் என்று டிசிபியை (கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்த டைகால்சியம் பாஸ்பேட் உப்பு) கூட்டிவிடாதீர்கள். பாஸ்பரஸ் அதிகமானால் ஓடு இன்னும் கெடும். வைட்டமின் டி3 குறையாமல் பாருங்கள். அது இல்லாமல் எவ்வளவு சுண்ணாம்பு போட்டாலும் உடம்பில் ஒட்டாது. துத்தநாகம், மாங்கனீசு இரண்டையும் கரிம வடிவில் (அமினோ அமிலம் போன்றவற்றோடு பிணைந்தது) கொடுத்தால் வயதான கோழிக்கு உதவும், விலைதான் கூடுதல். வெயிலில் கோழி வாய் திறந்து மூச்சிரைத்தால் டன் தீவனத்துக்கு 2 கிலோ சோடா உப்பு (சோடியம் பைகார்பனேட்) சேர்த்து, சாப்பாட்டு உப்பை அதற்கேற்பக் குறையுங்கள்.

வெள்ளைக்கரு வேறு கதை. வயதுக் கோழியில் அது இளகத்தான் செய்யும். எந்தச் சேர்மானமும் இளங்கோழி முட்டைபோல ஆக்கிவிடாது. முட்டையை நாளைக்கு மூன்று முறை எடுத்து, நிழலான இடத்தில் வைத்து, சீக்கிரம் ஏற்றி அனுப்பினால் வியாபாரியின் குறை பாதியாவது அடங்கும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள்: இதெல்லாம் மெல்ல மெல்ல வந்த கோளாறுக்கு. நாலைந்து நாளில் திடீரென முட்டை குறைந்து, ஓடு சுருங்கியோ தோல்முட்டையாகவோ வந்தால் அது வெறும் தீவனப் பிரச்சினையாக இல்லாமல் நோயாகவும் இருக்கலாம். உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.