புதிதாக இயேசுவை ஏற்றுக்கொண்டவரை விசுவாசத்தில் வழிநடத்துவது எப்படி? எதிலிருந்து தொடங்குவது?

முதலில், அவருக்குத் தோதான நேரத்தில் நீங்கள் போங்கள். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் நான் கூட இருந்து பார்த்துக்கொண்டவர்களில் பெரும்பாலோர் கடலுக்குப் போகிறவர்கள். ராத்திரி முழுக்கக் கடலில் கிடந்து வந்தவரிடம் "ஏன் ஆராதனைக்கு வரவில்லை?" என்று கேட்டால் அப்புறம் சபைப் பக்கமே வரமாட்டார். விசைப்படகுக்காரர் என்றால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம்தான் உட்கார்ந்து வேதம் வாசிக்க நல்ல சமயம்.

மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 16 அதிகாரம்தான். முதல் அதிகாரத்திலேயே வலை போடுகிறவர்களும் வலையைப் பழுதுபார்க்கிறவர்களும் வந்துவிடுவார்கள். 6-ஆம் அதிகாரத்தில் எதிர்காற்றில் சீஷர்கள் தண்டு வலித்துத் தவிக்கும் இடத்தை நான் யாருக்கும் விளக்கியதில்லை. அந்த மீனவர்கள்தான் எனக்கு விளக்கினார்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு நீங்கள் வாசித்துக் காட்டுங்கள்.

"இயேசுவிடம் வந்தால் மீன்பாடு கூடும், கடன் அடையும்" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். பாடே இல்லாத மாதம் வரத்தான் செய்யும். அன்றைக்கு அவர் கர்த்தரையும் நம்பமாட்டார், உங்களையும் நம்பமாட்டார். பவுல் மூன்று தரம் கப்பற்சேதத்தில் சிக்கியதைச் சொல்லுங்கள். அது அவரைத் தாங்கும்.

வீட்டில் மனைவி இன்னும் விசுவாசத்துக்கு வராமல் இருக்கலாம். அதற்காக அவர்களுக்குள் பிரிவினை உண்டாக்காதீர்கள். சேர்ந்து வாழ மனைவி சம்மதித்தால் தள்ளிவிடக்கூடாது என்று 1 கொரிந்தியர் 7-இல் தெளிவாகவே இருக்கிறது. போகும்போது அந்த அக்காவிடமும் நலம் விசாரித்துவிட்டு வாருங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரியது, கஷ்டத்தில் கூட நிற்பது. எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை அவரைப் பிடித்துக்கொண்டு போனால், அன்று ராத்திரி அந்த வீட்டுத் திண்ணையில் நீங்கள் இருக்க வேண்டும். இங்கே வேதாளையில் 1549-இல் படை வந்தபோது, தன் மக்களை விட்டு ஓடாமல் நின்று உயிர்விட்டவர் இத்தாலியப் பாதிரியார் அந்தோனியோ கிரிமினாலி. நான் கத்தோலிக்கன் இல்லை. ஆனாலும் மேய்ப்பன் என்றால் எனக்கு அவர்தான் நினைவுக்கு வருகிறார்.

புது விசுவாசி ஓரளவு நிலைப்பட்டதும், தன்கூடக் கடலுக்கு வரும் ஒருவருக்கு அவரையே மாற்குவை வாசித்துக்காட்டச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் போதும்.