டையைத் தொடவில்லை, நீளம் மட்டும் மாறுகிறதே?

கேள்வி: .308 வின்செஸ்டர் ரைஃபிள் தோட்டாக்களை ரீலோட் செய்கிறேன்: சுட்ட கேஸில் (பித்தளை உறையில்) வெடிமருந்தும் புதுக் குண்டும் மீண்டும் ஏற்றுகிறேன். குண்டு, ஹாலோ பாயின்ட் மேட்ச் வகை. சீட்டிங் டையை (குண்டைக் கேஸுக்குள் அழுத்தி இறக்கும் அச்சை) ஒருமுறை பூட்டிய பிறகு தொடவே இல்லை. இருந்தும் 20 தோட்டாக்களில் மொத்த நீளம் 0.25 மி.மீ. வரை ஏறி இறங்குகிறது. எங்கே தவறு?

பதில்: பெரும்பாலும் அளக்கும் இடத்தில்தான். பெட்டியிலிருந்து பத்துக் குண்டுகளை எடுத்து, அடியிலிருந்து நுனிவரை காலிப்பரில் அளந்து பாருங்கள். ஹாலோ பாயின்ட் குண்டின் நுனி, ஜாக்கெட்டைக் குறுக்கி மூடிய வாய். ஒன்றைப் போல் இன்னொன்று அமையாது. அந்தப் பத்துக்குள்ளேயே 0.2 மி.மீ. வித்தியாசம் வந்தால், பழி டைமேல் இல்லை.

மொத்த நீளம், தோட்டா மேகசினுக்குள் அடங்குமா என்று பார்க்கத்தான். குண்டு இறங்கிய ஆழத்தை அறிய கம்பாரேட்டர் வேண்டும்: காலிப்பரின் தாடையில் மாட்டும், துளையுள்ள சிறு துண்டு. அது நுனியை விட்டுவிட்டு, குண்டின் வளைவில், ரைஃப்ளிங் (துப்பாக்கிக் குழலின் உள்ளே உள்ள சுருள் வரிகள்) தொடும் இடத்துக்குப் பக்கத்தில் உட்காரும். கேஸின் அடியிலிருந்து அதுவரை அளந்து, வித்தியாசம் 0.05 மி.மீ.க்குள் இருந்தால் உங்கள் வேலை சுத்தம்.

அப்படியும் மாறினால் டையைக் கழற்றி, குண்டைத் தள்ளும் சீட்டிங் ஸ்டெம்மைப் பாருங்கள். குண்டின் நுனியிலும் வளைவிலும் மார்க்கர் மை தடவி ஸ்டெம்முக்குள் லேசாகச் சுழற்றுங்கள். வளைவில் வளையமாக மை அழிந்தால் நல்லது. நுனியில் அழிந்தால் ஸ்டெம்மின் குழி ஆழம் போதவில்லை. நீண்டு ஒடுங்கிய குண்டுகளில் இது சகஜம். அந்தக் குண்டுக்கேற்ற ஸ்டெம்மை மாற்றுங்கள். குழிக்குள் கிரீஸும் ஈயத்துகளும் அப்பியிருந்தாலும் இதே கோளாறுதான்.

அடுத்தது நெக்கின், அதாவது குண்டைக் கவ்வும் கேஸ் கழுத்தின், பிடிப்பு. பிரஸ்ஸின் (டை மாட்டிய அழுத்தும் கருவியின்) லீவரை இறக்கும்போது ஒரு குண்டு வெண்ணெயாய் இறங்கி, அடுத்தது முரண்டு பிடித்தால், ஆழமும் அதற்கேற்ப மாறும். பிரஸ்ஸும் சிறிது வளைந்து கொடுக்கும் பொருள்தானே. இரண்டு முறை சுட்ட கேஸையும் எட்டு முறை சுட்டதையும் கலந்தால் இப்படித்தான்: பித்தளை ஒவ்வொரு முறையும் இறுகுகிறது. ஒரே லாட், ஒரே எண்ணிக்கை சுட்ட கேஸ்களைச் சேர்த்து வையுங்கள். அனீலிங் செய்தால், அதாவது நெக்கைச் சூடாக்கிப் பித்தளையை இளக்கினால், இன்னும் சீராகும். சைஸ் செய்த (டையில் அழுத்திச் சுருக்கிய) நெக்கின் வெளி விட்டத்தைக் குண்டு ஏற்றும் முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். 0.05 மி.மீ. அளவு விரிந்தால் போதுமான பிடிப்பு. கேஸ் வாயின் உள்விளிம்பைச் சாம்ஃபர் செய்யுங்கள், அதாவது சரிவாகச் சீவிவிடுங்கள். ஈரமுறையில் பளபளவென்று கழுவிய கேஸ்களில் குண்டு கவ்விக்கொண்டு நிற்கும். நெக்கின் உள்ளே கொஞ்சம் கிராஃபைட் தடவினால் வழுக்கும்.

லீவரை எப்போதும் ஒரே வேகத்தில், கடைசிவரை இறக்குங்கள். டை கிரிம்ப்பும் (கேஸ் வாயைக் குண்டின்மேல் இறுக்குவது) செய்யும் வகையென்றால், சீட்டிங்கையும் கிரிம்ப்பையும் தனித்தனியாக வைத்துக்கொள்வது என் பரிந்துரை. சேர்த்துச் செய்தால் கேஸ் நீள வித்தியாசம் உள்ளே புகுந்துவிடும்.

ஏற்றும்போது மருந்து நொறுங்கும் சத்தம் கேட்டால், மறுநாள் மீண்டும் அளந்து பாருங்கள். அழுத்தப்பட்ட மருந்து குண்டை மெல்ல மேலே தள்ளியிருக்கலாம். அதற்காக இன்னும் ஆழமாக அழுத்தாதீர்கள்: உள்ளிடம் குறைந்தால் அழுத்தம் ஏறும். குண்டு ரைஃப்ளிங்கைத் தொடும்படி வெளியே வைத்தாலும் ஏறும். ஆழத்தை எந்தப் பக்கம் மாற்றினாலும், கையேட்டின் தொடக்க அளவு மருந்துக்குத் திரும்பி, அங்கிருந்து படிப்படியாக ஏறுங்கள்.