செயற்கைக்கோள் ரேடார் படங்களின் கேட்டலாக்கை எப்படிப் புரிந்துகொள்வது?

நீங்கள் கேட்டிருப்பது இது: வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் மழைநீர் எங்கெல்லாம் தேங்குகிறது என்று கல்லூரி புராஜெக்டுக்காக வரைபடம் போட வேண்டும். கேட்டலாக்கில் சென்னையைச் சுற்றிக் கட்டம் போட்டுத் தேடினால் நூற்றுக்கணக்கான வரிகள் வருகின்றன. எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. எதை டவுன்லோட் செய்வது?

நானும் இதே இடத்தில் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டு நின்றவன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கேமரா படம் என்றால் எந்த இடம், எந்தத் தேதி, மேகம் எவ்வளவு என்று பார்த்தால் போதும். ரேடாருக்கு மேகமும் இருட்டும் தடை இல்லை. அது தானே அலையை அனுப்பி, தரையில் பட்டுத் திரும்புவதை அளக்கிறது. ஆனால் நேர் கீழே பார்க்காது, பக்கவாட்டில் சாய்ந்துதான் பார்க்கும். எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு சாய்வில், எந்த அலைநீளத்தில் பார்த்தது என்பதைப் பொறுத்து அதே தெரு வேறு மாதிரித் தெரியும். கேட்டலாக் வரியில் உள்ள விவரங்களில் பாதிக்கு மேல் இதைத்தான் சொல்கின்றன. நாம் அதை விட்டுவிட்டுத் தேதியை மட்டும் பார்க்கிறோம்.

என் தவறைச் சொல்கிறேன். தென்சென்னை ஏரிகள் எவ்வளவு சுருங்கியிருக்கின்றன என்று பார்க்க இரண்டு படங்களை எடுத்தேன். ஒன்று செயற்கைக்கோள் தெற்கிலிருந்து வடக்கே போகும்போது எடுத்தது, அதாவது ஏறுபாதை. இன்னொன்று இறங்குபாதை. தேதி பொருத்தமாக இருந்ததால் வேறு எதையும் கவனிக்கவில்லை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால், பெரும்பாக்கத்து அடுக்குமாடி வரிசைகளுக்கு நடுவே புதிதாகக் கறுப்புத் திட்டுகள். கறுப்பு என்றால் தண்ணீர் என்றுதானே படித்திருக்கிறோம்! அங்கே குடியிருக்கும் என் சித்தியிடம் கேட்டேன். “அங்க எப்பப்பா தண்ணி நின்னுச்சு? பசங்க கிரிக்கெட் ஆடுற இடம் அது” என்றார். அது கட்டடங்களின் நிழல். 30 மீட்டர் உயரக் கட்டடத்தை, செங்குத்திலிருந்து 40 டிகிரி சாய்வில் ரேடார் பார்த்தால், பின்னால் சுமார் 25 மீட்டருக்கு அலையே படாது. பார்க்கும் பக்கம் மாறியதும் நிழலும் மறுபக்கம் போய்விட்டது. இரண்டு வாரம் உட்கார்ந்து போட்ட வரைபடத்தைக் கைவிட வேண்டியதாயிற்று.

ஆகவே முதலில் பாதையின் திசையைப் பாருங்கள், ஏறுபாதையா, இறங்குபாதையா என்று. அதோடு ரேடார் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் வேண்டும். ஐரோப்பாவின் ரேடார் செயற்கைக்கோளான சென்டினல்-1 தன் வலப்பக்கம் பார்க்கும். தெற்கு நோக்கி இறங்கி வரும்போது மேற்கே பார்க்கும், அப்போது நிழல் கட்டடத்துக்கு மேற்கே விழும். 2025 ஜூலை 30 அன்று நம் பக்கத்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நாசா-இஸ்ரோ கூட்டு ரேடார் செயற்கைக்கோளான நிசார் இடப்பக்கம் பார்க்கிறது. இரண்டிலும் ‘இறங்குபாதை’ என்றே போட்டிருந்தாலும் வெளிச்சம் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து விழும்.

அடுத்தது பாதை எண். ஒரு சென்டினல்-1 செயற்கைக்கோள் 12 நாளில் 175 சுற்று முடித்து, மறுபடி அதே பாதைக்கு வந்துவிடும். இந்தப் படங்களைத் தரும் அலாஸ்கா சாட்டிலைட் ஃபெசிலிட்டி தளத்தில் இந்தப் பாதை எண்ணைப் ‘பாத்’ என்கிறார்கள், ஐரோப்பியத் தளத்தில் ‘ரிலேட்டிவ் ஆர்பிட்’. இரண்டும் ஒன்றுதான். கோப்பின் பெயரில் இந்த எண் இருக்காது. ஏவியதிலிருந்து எத்தனையாவது சுற்று என்ற எண்தான் இருக்கும். நான் கைக்கணக்காக வைத்திருக்கும் வழி: ஒரே செயற்கைக்கோளின் இரண்டு படங்களுக்கு அந்தச் சுற்று எண்களைக் கழித்துப் பாருங்கள். 175-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால் இரண்டும் ஒரே பாதை, தாராளமாக ஒப்பிடலாம்.

கோப்புப் பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ‘எஸ்1ஏ’ என்பது செயற்கைக்கோள். ‘ஐடபிள்யூ’ என்பது 250 கிலோமீட்டர் அகலத்தைப் பார்க்கும் முறை, நிலப்பகுதிக்குப் பெரும்பாலும் இதுதான். ‘ஜிஆர்டி’, ‘எஸ்எல்சி’ என்று இரண்டு வகை வரும். எஸ்எல்சியில் அலையின் கட்டமும் (ஃபேஸ்), அதாவது திரும்பி வந்த அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் இருந்தது என்பதும் இருக்கிறது. நிலம் சில மில்லிமீட்டர் அமுங்கியதா என்று கணக்கிட அது வேண்டும். உங்களுக்கு வேண்டாம். ஜிஆர்டி சுமார் 1 ஜிபிதான், அதுவே போதும். ‘எஸ்டிவி’ என்று இருந்தால் உள்ளே விவி, விஎச் என்று இரண்டு போலரைசேஷன் (அலை அதிரும் திசை) படங்கள் இருக்கும். விஎச் இயல்பாகவே மங்கலாக இருக்கும். முன் படத்தில் விவியும் பின் படத்தில் விஎச்சும் எடுத்தால் ஊரே மூழ்கியதுபோல் தெரியும்.

நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும், ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். சென்டினல்-1 இறங்குபாதைப் படம் என்றால் நமக்குக் காலை ஆறு மணியை ஒட்டி இருக்கும். வெள்ளத்துக்கு இந்த நேரம் ரொம்ப முக்கியம். 2015 டிசம்பர் 1 இரவு அடையாற்றில் தண்ணீர் ஏறியபோது சென்டினல்-1ஏ மட்டும்தான் மேலே இருந்தது, அதன் ஜோடியான 1பி போனது 2016 ஏப்ரலில்தான். ஒரே பாதையில் 12 நாளுக்கு ஒரு முறை வருகிற கண்ணில் இரண்டு நாள் வெள்ளம் படுமா என்பது அதிர்ஷ்டம். உங்கள் தேதியின் மழைக்கணக்கை மணிவாரியாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படத்தின் நேரத்தைப் பாருங்கள். தண்ணீர் வடிந்த பிறகு எடுத்த படத்தை வைத்து “இங்கே வெள்ளமே வரவில்லை” என்று எழுதிவிடக் கூடாது. அந்தத் தெருவில் கழுத்தளவு தண்ணீரில் நின்றவர்கள் இருக்கிறார்கள்.

சில தேதிகளில் வரியே இருக்காது. செயற்கைக்கோள் மேலே போகவில்லை என்று நினைத்துவிடாதீர்கள், ரேடாரை இயக்காமலும் போயிருக்கலாம். ரேடார் மின்சாரத்தை நிறையத் தின்னும். சென்டினல்-1 ஏறக்குறைய 99 நிமிடச் சுற்றில் ஐடபிள்யூ முறையில் அதிகபட்சம் 25 நிமிடம்தான் படம் எடுக்க முடியும். பழைய கேட்டலாக்குகளில் இப்படிப் படமே இல்லாத இடைவெளிகள் இன்னும் கூடுதல். 1978-இல் போன அமெரிக்க ரேடார் செயற்கைக்கோள் சீசாட் மூன்றரை மாதம்தான் உயிரோடு இருந்தது. 1994 ஏப்ரலிலும் பிறகு செப்டம்பர் கடைசியிலும் எண்டெவர் விண்கலத்தில் போன எஸ்ஐஆர்-சி என்ற ரேடார், முறைக்குப் பதினொரு நாள்போல, தேர்ந்தெடுத்த இடங்களில் மட்டும் ரேடாரை இயக்கிப் பதிவு செய்தது. அதனால்தான் அந்தக் கேட்டலாக்கில் இடங்களை ‘டேட்டா டேக்’ (ரேடாரை ஒரு முறை இயக்கி எடுத்த பதிவு) எண்ணை வைத்துத் தேட வேண்டியிருக்கிறது. எனக்கு அந்தப் பழைய கேட்டலாக்கின் மேல் தனிப் பிரியம் உண்டு. கூடவே போன எக்ஸ்-எஸ்ஏஆர் ரேடாரையும் சேர்த்து, சுமார் 24, 6, 3 சென்டிமீட்டர் என மூன்று அலைநீளங்களில் ஒரே நேரத்தில் ஒரே இடத்தைப் பார்த்த படங்கள் அவை. நீளமான அலை மரக்கிளைகளைத் தாண்டி உள்ளே போவதைக் கண்ணாலேயே காணலாம்.

நம்மூர்ச் செயற்கைக்கோள்களான ரிசாட்-1, இஓஎஸ்-04 படங்களுக்கு ஹைதராபாத் தேசியத் தொலையுணர்வு மையத்தின் பூநிதி தளத்தில் தேடுங்கள். விவரங்களின் பெயர்கள் கொஞ்சம் மாறும், கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான்.

தண்ணீர் எப்போதும் கறுப்பாகத்தான் இருக்கும் என்றும் நம்ப வேண்டாம். புயல் காற்றில் ஏரி அலையடித்தால் வெளுத்துத் தெரியும். வேளச்சேரித் தெருக்களில் தேங்கிய நீர், சுவரோடு சேர்ந்து அலையை இரண்டு முறை எகிறவைத்து முன்பைவிட வெளிச்சமாகவே காட்டலாம். இதை எந்தக் கேட்டலாக்கும் சொல்லாது.

சரி, எங்கே தொடங்குவது? வேளச்சேரியை ஓரமாக வைத்துவிட்டு முதலில் செம்பரம்பாக்கம் ஏரியை எடுங்கள். கோடையில் ஒன்று, மழைக்குப் பிறகு ஒன்று என ஒரே பாதை, ஒரே திசை, இரண்டிலும் விவி ஜிஆர்டி. படத்தின் எல்லைக்கோடு சாய்ந்திருக்கும், ஏரி முழுவதும் அதற்குள் இருக்கிறதா என்று வரைபடத்தில் பார்த்துவிட்டு டவுன்லோட் செய்யுங்கள். ஏரிக்கரை சரியாக வந்த பிறகு பள்ளிக்கரணை சதுப்புநிலம், அப்புறம் உங்கள் தெரு.