முகத்துக்கு என்ன போடலாம்? தோல் மருத்துவரிடம் கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் “வெள்ளையாக என்ன போடலாம்?” என்பதுதான். அதற்கு என்னிடம் க்ரீம் இல்லை. மற்றவற்றில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். மருந்துகளின் பெயரைச் சொல்வேன், கம்பெனிப் பெயர் சொல்லமாட்டேன்.

கல்லூரி மாணவி, கோவை: மேடம், ரீல்ஸ் பார்த்துப் பார்த்து டோனர், சீரம், எசன்ஸ் என்று ஏழெட்டு வாங்கிவிட்டேன். எதை முதலில் போடுவது?

இப்போதைக்கு எதையும் வேண்டாம்மா. எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு அலமாரியில் வை. காலையில் முகம் கழுவி, மாய்ஸ்சரைசர், அதன் மேல் சன்ஸ்கிரீன். இரவில் கழுவி, மாய்ஸ்சரைசர். ஒரு மாதத்துக்கு இவ்வளவுதான்.

கழுவுவதற்கு மட்டும் கொஞ்சம் பார்த்து வாங்கு. நம் தோல் லேசான அமிலத் தன்மை உள்ளது, அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவு சுமார் 5. சாதாரண குளியல் சோப்பு காரம், 9, 10 வரை போகும். கழுவித் துடைத்த பிறகு கன்னம் இழுத்துப் பிடித்தால் அந்தச் சோப்பு உனக்கு ஆகாது. “நன்றாக அழுக்குப் போயிருக்கிறது” என்று அதையே சந்தோஷமாகச் சொல்கிறவர்கள் உண்டு. போனது தோலின் எண்ணெய்ப் பசை. எண்ணெய் வழியும் முகம் என்றால் ஜெல் வகை மாய்ஸ்சரைசர், வறண்ட முகம் என்றால் க்ரீம் வகை.

மாதம் முடிந்ததும் அலமாரியிலிருந்து ஒன்றை மட்டும் எடு. இரண்டு வாரம் போட்டுப் பார்த்து அடுத்தது. எட்டையும் சேர்த்துப் போட்டு முகம் தடித்துப்போனால், எதனால் என்று என்னாலும் கண்டுபிடிக்க முடியாது.

விற்பனைப் பிரதிநிதி, சேலம்: நாள் முழுக்க பைக்கில்தான் டாக்டர். சன்ஸ்கிரீன் போட்டால் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கிறது, வியர்வையில் கரைந்து கண் எரிகிறது. கறுப்புத் தோலுக்கு இது அவசியமா?

தோல் புற்றுநோய் பயம் நமக்குக் குறைவு, தோலுக்கு நிறம் தரும் மெலனின் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. ஆனால் மங்கு (முகத்தில் படரும் கறுப்புத் திட்டு), பரு ஆறிய இடத்துக் கறுப்பு இரண்டும் வெயிலில்தான் கூடும், அதுவும் நம் நிறத்தில் மாதக்கணக்கில் நிற்கும். அதனால் அவசியம்தான்.

சன்ஸ்கிரீன் ட்யூபில் போட்டிருக்கும் பாதுகாப்பு எண்தான் எஸ்.பி.எஃப். அது 30 என்றால் சுமார் 97 சதவீதப் புறஊதா பி கதிரைத் தடுக்கும்; 50 என்றால் 98. வித்தியாசம் அவ்வளவுதான், அதனால் 100 போட்டதைத் தேடி அலைய வேண்டாம். பி.ஏ. என்ற எழுத்துக்குப் பின்னால் மூன்று அல்லது நான்கு கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள், அது புறஊதா ஏ கதிருக்கான கணக்கு.

பலர் கோட்டை விடுவது அளவில். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் அடியிலிருந்து நுனிவரை ஒரு கோடு பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். அப்படிப் போட்டால் 50 கிராம் ட்யூப் ஒன்றரை மாதம்கூட வராது. உங்கள் ட்யூப் ஆறு மாதமாக இருக்கிறது என்றால் நீங்கள் போடுவது கணக்கிலேயே வராது.

வெள்ளைப் பூச்சு தெரிவது ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு உள்ளவற்றில். ஜெல் வகை பாருங்கள், அல்லது தோல் நிறச் சாயம் கலந்தது. இந்தச் சாயம் இரும்பு ஆக்சைடு. கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுப்பதால் மங்கு உள்ளவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். கண் எரியாமலிருக்க, புருவத்துக்கு மேல் ஒரு விரல் அகலம் விட்டுப் போடுங்கள். வியர்வையைத் தேய்க்காமல் கைக்குட்டையால் ஒற்றி எடுங்கள். வெயிலில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி போட வேண்டும். கைக்கு முழுக்கைச் சட்டையே போதும், எந்த க்ரீமை விடவும் அது மேல்.

இல்லத்தரசி, மதுரை: மங்குக்குப் பக்கத்து வீட்டு அக்கா சொன்ன ட்யூப் போட்டேன். ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. இப்போது ஒரு நாள் விட்டாலும் சிவந்து எரிகிறது, பரு வருகிறது, தாடைப் பக்கம் முடியும் வளர்கிறது.

ட்யூபின் பின்பக்கம் பொடி எழுத்தைப் படியுங்கள். மோமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. பெரும்பாலும் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், மோமெட்டசோன் மூன்றும் சேர்ந்த க்ரீமாக இருக்கும். மங்குக்கு அதைச் சில வாரங்களுக்கு நாங்களே எழுதுவதுண்டு. ஆனால் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய் தெரிந்து, பருவும் முடியும் வரும். நீங்கள் சொல்வது அப்படியே அதுதான்.

2018-இல் மத்திய அரசு ஸ்டீராய்டு க்ரீம்கள் பலவற்றை ‘ஷெட்யூல் எச்’ பட்டியலில் சேர்த்தது. அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. கடையில் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம். ட்யூபையும் எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போங்கள், படிப்படியாக நிறுத்த வேண்டியிருக்கும். நிறுத்தும்போது முகம் கொஞ்ச நாள் மோசமாகத்தான் தெரியும். பயந்து மறுபடி அதையே எடுத்துவிடாதீர்கள்.

லேபிளே இல்லாமல் டப்பாவில் வரும் க்ரீம் இன்னும் ஆபத்து. பாதரசம் இருக்கலாம். 2023-இல் கேரளாவின் மலப்புரம் பகுதியில் இப்படிப்பட்ட வெள்ளையாக்கும் க்ரீம் போட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது செய்தியாகவே வந்தது.

இளம் தாய், திருநெல்வேலி: எங்கள் ஆச்சி பயத்தம்மாவு, எலுமிச்சை, மஞ்சள் தவிர வேறு எதுவும் தொடக்கூடாது என்கிறார்.

மாவு விஷயத்தில் ஆச்சி சொல்வதில் தப்பில்லை. நைசாக அரைத்து, குழைத்துத் தடவிக் கழுவினால் சரி. கரகரவென்று தேய்க்கக் கூடாது. மஞ்சள் வீட்டில் அரைத்தது என்றால் பரவாயில்லை, பாக்கெட்டில் வருவதில் சாயம் கலப்பு இருக்கக்கூடும். எலுமிச்சையை மட்டும் சாதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முகத்துக்கு அது கடும் அமிலம், தடவிக்கொண்டு வெயிலில் போனால் கொப்பளித்துக் கறுத்துவிடும்.

பிளஸ் டூ மாணவர், தஞ்சாவூர்: நெற்றி முழுக்கப் பொடிப் பொடியாகப் பரு. அம்மா தலைக்கு எண்ணெய் வைக்காமல் பள்ளிக்கு விடமாட்டார்கள்.

தம்பி, பதிலின் பாதி உன் கேள்வியிலேயே இருக்கிறது. அந்த எண்ணெய் நெற்றிக்கு இறங்கித்தான் துவாரங்களை அடைக்கிறது. தலை குளிக்கும் நாளில் ஒரு மணி நேரம் முன்னால் வைத்து, ஷாம்பு போட்டு அலசிவிடலாம் என்று அம்மாவிடம் சொல். நான் சொன்னதாகவே சொல்.

மருந்து என்றால் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம், இல்லாவிட்டால் இரவில் அடாபலீன் 0.1 சதவீதம். டாக்டரிடம் காட்டி எழுதி வாங்கு. அடாபலீன் முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவுதான், முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஆரம்பத்தில் பரு கூடுகிற மாதிரி தெரியும். எட்டு, பன்னிரண்டு வாரம் பொறுத்தால்தான் பலன். பென்சாயில் பெராக்சைடு போட்டால் தலையணை உறை வெளுத்துப்போகும், பழைய உறையைப் போட்டுக்கொள். கிள்ளாதே.

14 வயதுப் பெண்ணின் அம்மா, திருச்சி: மகளுக்குப் பின்கழுத்து கறுத்து வெல்வெட் மாதிரி இருக்கிறது. பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

அது அழுக்கு இல்லை, தேய்க்கத் தேய்க்க இன்னும் தடிக்கும். பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். எடை, ரத்தச் சர்க்கரை இரண்டையும் பார்த்துவிடுங்கள். மாதவிடாய் தள்ளிப்போகிறதா என்றும் கேளுங்கள். எடை குறைந்தால் கழுத்தும் மெல்லத் தெளியும்.

ஐந்து மாதக் கர்ப்பிணி, வேலூர்: ரெட்டினால் சீரம் தொடரலாமா?

வேண்டாம். அடாபலீன், ஹைட்ரோகுவினோனும் வேண்டாம். பருவுக்கு அசெலாயிக் அமிலம் போடலாம், உங்கள் மகப்பேறு டாக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

ஐ.டி. ஊழியர், சென்னை: அப்பாவுக்கு 70 வயது. போர் தண்ணீரில் குளித்துக் குளித்துக் கால் செதில் செதிலாக வெடித்து, இரவெல்லாம் சொறிகிறார்.

கொதிக்கக் கொதிக்கக் குளிப்பவராக இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள், வெதுவெதுப்பு போதும். சோப்பு அக்குளுக்கும் இடுப்புக்கும் மட்டும். துண்டால் ஒற்றிவிட்டு, ஈரம் இருக்கும்போதே தேங்காய் எண்ணெயோ பெட்ரோலியம் ஜெல்லியோ தடவுங்கள். பரு வரும் முகத்துக்கு வேண்டாம் என்று நான் சொல்லும் அதே தேங்காய் எண்ணெய், அப்பாவின் காலுக்கு அருமையான மருந்து.

ஒன்று மட்டும் பாருங்கள்: விரல் இடுக்கில் பொரிப் பொரியாக இருந்து, வீட்டில் வேறு யாரும் இரவில் சொறிகிறார்கள் என்றால் அது சிரங்கு. எண்ணெய்க்கு அடங்காது, வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும்.